தாத்தா கடை மசாலாவும் ஒரு சப்மரீனும்

கடலூர் முதுநகரில் எங்கள் ஓட்டு வீட்டுக் கூடத்தில், சாமி படங்களின் வரிசையிலேயே ஒரு நேதாஜி படம் மாட்டியிருக்கும். ராணுவ உடுப்பு, வட்டக் கண்ணாடி, கொஞ்சம் சாய்ந்த தொப்பி. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது பிள்ளையார், முருகன், நேதாஜி மூவரும் சேர்ந்துதான் நனைந்தார்கள். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் புதுப்படம் வாங்கிவிட்டோம். நேதாஜியை மட்டும் அப்பா விடவில்லை. மாவட்டம் முழுக்க நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபேன் காற்றுக்கு வழியில்லாமல், சட்டத்தைக் கழற்றி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக் காயவைத்தார். இப்போதும் உடுப்பின் இரண்டாவது பொத்தான்வரை ஒரு பழுப்பு நீர்க்கறை ஏறி நிற்கிறது.

அது தாத்தா கொண்டுவந்த படம்.

தாத்தா 1939இல் மலேயாவின் பினாங்குக்குப் போனவர். இங்கிருந்து ரயிலில் நாகப்பட்டினம், அங்கே கரையிலிருந்து படகு, படகிலிருந்து ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் ரஜூலா. இந்தக் கரைப் பக்கத்து ஆட்களுக்கு ரஜூலாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1926இல் ஓட ஆரம்பித்து 1974இல் உடைபடும்வரை அது ஏற்றி இறக்காத ஊர்க்காரன் கிடையாது. தாத்தா டெக் பாசஞ்சர். "பாயை விரிச்ச இடம்தான்டா ரூம்பு, ட்ரங்குப் பெட்டிதான் செவுரு" என்பார். கப்பலின் புகைபோக்கி கறுப்பு. அதில் இரண்டு வெள்ளை வளையம். பி.ஐ. கம்பெனி என்று எல்லாரும் சொல்லும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கப்பல்களுக்கெல்லாம் அதுதான் அடையாளம். தாத்தா அதை "ஒரு பட்டை குறைஞ்ச விபூதி" என்பார். இந்த விபூதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் கணக்கு எழுதினார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. 1946இல் அவர் திரும்பி வரும்வரை ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே இங்கே தெரியாது. வந்தபோது பெட்டியில் இருந்தவை: இரண்டு வேட்டி, ஒரு கட்டு வாழைமர நோட்டு (ஜப்பான்காரன் அச்சடித்தது, பொட்டலம் மடிக்கக்கூட உதவாது), இந்த நேதாஜி படம்.

அவர் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவர் இல்லை. இந்திய சுதந்திரச் சங்கத்தில் சேர்ந்து, மரத்துப்பாக்கியோடு மைதானத்தில் கால் மாற்றி நடந்ததும், சம்பளத்தில் கொஞ்சம் கொடுத்ததும்தான். ஆனால் சப்மரீன் கதையை அவர் சொன்னால் கேட்கவேண்டும். ராச்சாப்பாடு முடிந்து, திண்ணையில், எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைப்பார். அது ஜெர்மன் சப்மரீன். சொம்பைப் படுக்கவைப்பார். அது ஜப்பான் சப்மரீன், அதனால் பெரிசு. நடுவில் ஒரு கொட்டாங்குச்சி. அதுதான் ரப்பர் தோணி. "அலையின்னா அலை, பனைமர ஒசரம். ஒரு சப்மரீன்லேர்ந்து இன்னொரு சப்மரீனுக்கு மனுசன் மாறணும். வழுக்கி வுழுந்தா சுதந்திரமே போச்சு." கொட்டாங்குச்சி ஆடி ஆடி சொம்பை எட்டும்வரை எங்களுக்கு மூச்சு வராது.

கதை பொய்யில்லை. நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் 1943 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யூ-180 என்ற நீர்மூழ்கியில் ஏறினார்கள். ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கொந்தளித்த கடலில், ரப்பர் படகில் ஜப்பானின் ஐ-29க்கு மாறினார்கள். சுமத்ரா முனையில் உள்ள சாபாங்கில் இறங்கி, விமானத்தில் டோக்கியோ போனார்கள். ஜூலை 2 சிங்கப்பூர். அங்கிருந்து மேலே நம் பாட்டன்மார் கதை.

தாத்தாவின் சொந்தச் சரக்கு ஒன்று இதில் உண்டு. ஐ-29 பினாங்கிலிருந்துதான் நேதாஜியை அழைத்துவரக் கிளம்பியது. வரப்போகிறவர்கள் இந்தியர்கள் என்பதால் ஜப்பான்காரர்கள் பினாங்கிலேயே மசாலா சாமான்கள் வாங்கி ஏற்றிக்கொண்டார்கள். கீலிலிருந்து இரண்டரை மாதம் ஜெர்மன் சாப்பாட்டிலும் டீசல் நாற்றத்திலும் கிடந்தவர்களுக்கு அந்தச் சப்மரீனில் குழம்பு கிடைத்தது. இந்த இடத்தில் தாத்தா குரலைத் தாழ்த்துவார். "எங்க கடைக்கும் ஒரு நாளு ஜப்பான் நேவிக்காரன் ரெண்டு பேரு வந்து மல்லி, மொளகா, சீரகம்னு வாங்கிட்டுப் போனான்டா. நான்தான் கணக்கு எழுதனன். நம்ம கடை மசாலாவாக்கூட இருக்கும்." 'இருக்கும்' என்பதை அவர் இழுக்கும் இழுப்பில், நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய் "எங்க தாத்தாதான் நேதாஜிக்குக் கொழம்பு வச்சாரு" என்று சொல்லி அடிவாங்கியிருக்கிறோம்.

ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, மட்டும் இந்தக் கதை பிடிக்காது. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒருமுறை வாசற்படியில் நின்று சொன்னது நினைவிருக்கிறது: "கப்பல ஒடைக்கிறதுக்குன்னே செஞ்ச சாமானம்தான அது. அதுல என்னாத்துக்கு இவ்ளோ பெரும?" தாத்தா காதில் வாங்கவில்லை. நாங்களும்தான்.

இனி 2024 மே மாதத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். லண்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. கடலுக்கடியிலிருந்து எடுத்த 2,364 வெள்ளிக்கட்டிகள் யாருக்கு என்று வழக்கு. நாணயம் அடிக்க 1942இல் பம்பாயிலிருந்து வாங்கி அனுப்பிய வெள்ளி, ஆகவே எங்களுடையது என்றது தென்னாப்பிரிக்கா. சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2017இல் எடுத்தவர்கள் நாங்கள், எங்களுக்குக் கூலி வேண்டும் என்றது மீட்பு நிறுவனம். தென்னாப்பிரிக்கா பக்கம் தீர்ப்பு. வெள்ளிக் கடற்கரையில் உட்கார்ந்து வெள்ளி வழக்குப் படிக்கிறோமே என்று எனக்கே சிரிப்பு. கப்பலின் பெயர் திலாவா. பி.ஐ. கம்பெனி என்று போட்டிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. ஒரு பட்டை குறைஞ்ச விபூதி.

அதனால்தான் மேலும் படித்தேன். இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

திலாவா 1924இல் கட்டிய பத்தாயிரம் டன் கப்பல். ரஜூலா நமக்கு எப்படியோ அப்படி குஜராத்துக்காரர்களுக்கு அது. பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் என்று ஓடியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். 1942 நவம்பர் 20 அன்று பம்பாயை விட்டுக் கிளம்பியது. பயணிகள் 732, கப்பல் ஆட்கள் 222, பீரங்கிக்காரர்கள் 4. ஆக 958 பேர். துணைக்குப் போர்க்கப்பல் கிடையாது. அன்றைய இந்தியப் பெருங்கடலில் கடற்படைக்குக் கப்பல் பற்றாக்குறை. வணிகக் கப்பல்கள் பல, விளக்கை அணைத்துக்கொண்டு தனியாகத்தான் போய்வந்தன.

நவம்பர் 23, பின்னிரவு இரண்டு மணி வாக்கில் முதல் டார்பிடோ. ஜப்பான்காரர்களின் டார்பிடோ ஆக்சிஜனில் ஓடுவது. சாதாரண டார்பிடோ பின்னால் விட்டுப்போகும் குமிழிக் கோடு இதில் அநேகமாகத் தெரியாது. தலையில் 400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. தூங்கிக்கொண்டிருந்த டெக் முழுவதும் எழுந்து படகுகளை நோக்கி ஓடியது. நெரிசலில் படகுகள் கவிழ்ந்தன, இறக்கும்போதே சில சரிந்தன. ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. இந்த இடத்தை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். மூழ்கவில்லை என்று கண்டு, படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்பி வந்து ஏறத் தொடங்கினார்கள். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. பாய் விரித்த இடம், பெட்டி, வீடு மாதிரி. ராத்திரிக் கடலில் படகைவிட வெளிச்சமில்லாத கப்பலே மேல் என்றுதான் எனக்கும் தோன்றியிருக்கும். அப்போதுதான் இரண்டாவது டார்பிடோ.

டங்கன் என்ற ரேடியோ அதிகாரி கடைசிவரை அறையை விட்டு வெளியே வராமல் அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். கப்பலோடு போனார். அந்தச் செய்தியால்தான் இரண்டு நாள் கழித்து பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் தேடிக்கொண்டு வந்தது. 678 பேர் பிழைத்தார்கள். 280 பேர் இல்லை.

மூழ்கடித்த நீர்மூழ்கியின் பெயர் கட்டுரையின் கடைசியில், ஒரு வரியில் இருந்தது. ஐ-29.

எண் ஒன்றாக இருக்கும், வேறு கப்பலாக இருக்கும் என்று தேடினேன். வேறு இல்லை. 108 மீட்டர் நீளம், முதுகில் ஒரு குட்டிக் கடல்விமானம் வைக்கக் கொட்டகை. அதே கப்பல், கமாண்டரும் அதே இஸு ஜூயிச்சி. திலாவாவை முடித்த ஐந்தாவது மாதம் மசாலா ஏற்றிக்கொண்டு நேதாஜியை அழைக்கப் போயிருக்கிறது. திண்ணையில் தாத்தா படுக்கவைத்த சொம்பு.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. டி.வி. சத்தத்தைக் குறைக்காமலே கேட்டார்.

"பிரிட்டிஷ்காரன் கப்பல்தான? யுத்தம்னா அப்படித்தான்டா."

"கப்பல்தாம்பா பிரிட்டிஷ்காரனுது. ஏறனது நம்ம ஜனங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். "டெக்கா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆமாம் என்றேன்.

தாத்தா 1994இல் போய்விட்டார். அவருக்கு இது தெரியுமா என்று கேட்க முடியாது. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பினாங்குத் துறையில் சப்மரீன்கள் வரும் போகும், எதற்குப் போகிறது, எதை முடித்துவிட்டு வருகிறது என்று கடைக்கணக்கனுக்கு யார் சொல்வார்கள்? ஆனால் அவர் ஒன்றும் தெரியாதவரும் இல்லை. ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன தோட்டத்துத் தமிழர்கள் திரும்பாத கதையையும் அதே திண்ணையில்தான் சொன்னார். ஜப்பான்காரனை அவர் ஒருநாளும் நல்லவன் என்றதில்லை. "அவன் வேற, நேதாஜி வேற" என்பார். அந்தச் சப்மரீனை மட்டும் எப்படியோ நேதாஜி கணக்கில் எழுதிவிட்டார். கணக்கெழுதுகிறவருக்கும் இப்படி ஒரு வரவு மாறும் போலிருக்கிறது.

கணக்கு இன்னும் சிக்கலாகிறது. நேதாஜி யூ-180இல் இருக்கும்போதே, 1943 ஏப்ரல் 18 அன்று, அது தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் கோர்பிஸ் என்ற எண்ணெய்க் கப்பலை அடித்தது. அதிலிருந்த 60 பேரில் பத்துப் பேர்தான் பிழைத்தார்கள். ரப்பர் தோணிக்குச் சரியாகப் பத்து நாள் முன்னால். தாத்தாவின் கதையில் டம்ளர் வெறுமனே மிதந்துகொண்டு வரும், வழியில் எதையும் தொடாது.

கெட்டிக்காரக் கப்பலை, யாருடையதாக இருந்தாலும், ரசிப்பது நம் பக்கத்தில் பழைய பழக்கம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், போர் வரைபடத்திலிருந்து இறங்கி நம் பேச்சில் குடியேறிவிட்டது. யாரையாவது மெச்சவேண்டுமென்றால் "அவன் பெரிய எம்டன்டா" என்கிறோம். எம்டனும் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்ததுதான். ஆனால் அது நீருக்கு மேலே ஓடும் கப்பல். முதலில் நிறுத்தும், ஆட்களை இறக்கித் தன் கூட்டத்துக் கப்பல் ஒன்றில் ஏற்றும், அப்புறம்தான் மூழ்கடிக்கும். பிடித்தவர்களைச் சேர்த்து ஒரு கப்பலில் கரைக்கு அனுப்பியும் வைத்தது. நீர்மூழ்கிக்கு அந்த வசதி கிடையாது. நூறு ஆட்களுக்கே உள்ளே புரண்டு படுக்க இடமில்லை, பிழைத்தவர்களை எங்கே வைப்பது? மேலே வந்து நின்றால் ஒரு சிறு பீரங்கிக்கும் அது இரை. ஒளிந்திருப்பதுதான் அதன் பலம். அதனால் நிறுத்திக் கேட்பதில்லை, எண்ணிப் பார்ப்பதுமில்லை. பெரிஸ்கோப்பில் தெரிவது இத்தனை டன் என்ற ஒரு நிழல். டெக்கில் குழந்தை தூங்குகிறதா என்பது அந்தக் கண்ணாடியில் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி, அதற்கு எனக்கு நல்ல நம்பிக்கையும் இல்லை.

எந்தக் கொடி என்பதிலும் வித்தியாசமில்லை. 1944 செப்டம்பரில் டிரேட்விண்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஜூன்யோ மாரு என்ற ஜப்பான் கப்பலை அடித்தது. உள்ளே அடைத்துவைத்திருந்தவர்கள் நேசநாட்டுக் கைதிகளும் ஜாவாக் கூலிகளும். ஐயாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அடித்தவர்களுக்கு உள்ளே யார் என்று தெரியாது.

ஆயா ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போது யோசிக்கிறேன். தாத்தாவிடமிருந்து கடிதம் நின்றுபோன அதே குளிர்காலத்தில், 1942 ஜனவரிக் கடைசியில், இன்னொரு ஜப்பான் நீர்மூழ்கி நம் கரைக்கு எதிரேயே சுற்றியது. சிந்தியா கம்பெனியின் ஜலதரங், ஜலபாலகா இரண்டும் அடுத்தடுத்து வங்காள விரிகுடாவில் போயின. இந்தியர்களே முதல் போட்டு, வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி ஓட்டிய கப்பல்கள். மெட்ராஸுக்குக் கிழக்கே ஃபுளோரன்ஸ் லக்கன்பாக் என்ற அமெரிக்கக் கப்பலையும் அதே நீர்மூழ்கி அடித்தது. ஏப்ரலில் மெட்ராஸ் நகரமே காலியாகி, மூட்டை முடிச்சோடு ஜனம் ரயிலில் தெற்கே வந்தது. கடலைப் பார்த்த ஜன்னலில் விளக்கு வைக்கக்கூடாது என்று தலையாரி தெருத்தெருவாகச் சொல்லிப்போனதை ஆயா சொல்லியிருக்கிறாள். இருபது வயதுப் பெண். புருஷன் கப்பலேறிப் போன கடல். அவன் திரும்பி வரவேண்டுமென்றால் அதே கடலில் ஒரு கப்பலேறித்தான் வரவேண்டும். அந்த நாலு வருசமும் சப்மரீன் என்ற வார்த்தை அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? நாங்கள் கேட்ட கதையில் அது சாமி தேர் மாதிரி ஒரு வாகனம். அவளுக்கு அது முதலை.

ஐ-29 1944 ஜூலை 26 அன்று லூசான் நீரிணையில் போனது. சாஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அடித்தது. ஒரே ஒருவர் பிழைத்தார். யூ-180யும் அடுத்த மாதமே பிஸ்கே வளைகுடாவில் எல்லாரோடும் காணாமல் போனது. நம் கரைக்கு எதிரே சுற்றியதை 1942 மே மாதமே டிரைட்டன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி முடித்துவிட்டது. டிரைட்டனும் அடுத்த வருடம் திரும்பவில்லை.

வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியர்களில் இரண்டாம் உலகப்போரில் செத்தவர்கள் சுமார் 6,600 பேர். எஞ்சின் அறையில் கரி தள்ளியவர்கள், எண்ணெய் போட்டவர்கள், சமையல்காரர்கள். லஸ்கர் என்று மொத்தமாக ஒரு பெயர். லண்டன் டவர் ஹில்லில் இருக்கும் வணிகக் கப்பல்படை நினைவிடத்தில் இவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை. மும்பையிலும் சிட்டகாங்கிலும் பேரேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். பேரேடு என்றால் நிஜமாகவே பேரேடு, பக்கம் புரட்டிப் பார்க்கவேண்டிய புத்தகம். அதிலும் பயணிகள் வரமாட்டார்கள். வெள்ளிக்குக் கட்டிக் கணக்கு இருக்கிறது.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி. ஜனவரி 23 நேதாஜி பிறந்தநாள், தலைப்பும் அவரே. எட்டாம் வகுப்பு. தாத்தா கதையைச் சொல் என்று வந்து நின்றாள். டம்ளர், சொம்பு, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் வைத்துச் சொன்னேன். பிறகு மனசு கேட்காமல் திலாவாவையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தி, "அதே சப்மரீனாப்பா?" என்றாள். "அதேதான்."

"அப்ப அத எழுதலாமா, கூடாதா?"

"உன் பேச்சு. நீயே பார்த்துக்கோ."

படத்துக்கு எதிரே நின்று, என் போனில் டைம் வைத்துப் பேசிப் பார்த்தாள். நாலு நிமிஷம் பத்து நொடி வந்தது. அனுமதி மூன்று நிமிஷம். அடித்துத் திருத்தி மறுபடி பேசினாள். கீல், மடகாஸ்கர், ரப்பர் படகு, சாபாங், சிங்கப்பூர். நடுவில், மூச்சு விடாமல், "இதே நீர்மூழ்கிக் கப்பல் ஐந்து மாதங்களுக்கு முன் திலாவா என்ற கப்பலைத் தாக்கியதில் 280 பேர் உயிரிழந்தனர்" என்று ஒரு வரி. அதற்கு ஏற்ற இறக்கமே இல்லை, வாய்ப்பாடு மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நிமிஷம் ஐம்பத்தைந்து.

அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "தாத்தா கடைக்கு நேவிக்காரன் வந்ததச் சொல்லலியே?"

"அது எடம் பத்தல தாத்தா. எடுத்துட்டன்."